தோலில் படரும் நோயும் தொடத் தயங்கும் கையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே என்று சிலர் எண்ணக்கூடும். இரவுப் பள்ளியைப் பற்றியும், உதவித் தொகையைப் பற்றியும், நூலகத்தைப் பற்றியும் நமக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே பேசிவிட்டார்கள். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு 'பெண்களின் உடல்நலம்' என்பது. அவ்வளவு பெரிய தலைப்பை அரைமணி நேரத்தில் அடக்கும் திறன் எங்களுக்கில்லை. ஆகவே அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். மார்பகப் புற்றுநோய் தோலுக்கும் படர்ந்துவிட்ட பின்னர் ஒரு பெண் எவ்வாறு வாழ்கிறாள், அவளோடு நாம் எவ்வாறு வாழ்கிறோம் என்பதே நாங்கள் பேச வந்த செய்தி. தாய்மார்கள் அமர்ந்திருக்கும் அவையில் இதைப் பேசலாமா என்று நம் பெரியவர் ஒருவர் நேற்று மாலை கேட்டார். தாய்மார்கள் அமர்ந்திருப்பதனாலேயே பேச வேண்டும் என்றோம். சற்று நேரம் சிந்தித்துவிட்டு, "அப்படியானால் என் நாற்காலியை முன்வரிசையில் போடுங்கள், எனக்குக் காது மந்தம்" என்றார். இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவருக்கு எங்கள் நன்றி.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததிலிருந்து தொடங்குகிறோம். நம் தெருக்களுள் ஒன்றில் உப்பளத்து வேலைக்குச் சென்று வந்த ஒரு பெரியம்மா இருந்தார். பெயர் வேண்டாம். உப்பளத்தில் வேலை செய்யும் நம் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்துகொள்வது உங்களுக்குத் தெரியும். வெயிலுக்கும் உப்புக்கும் அது கவசம். பெரியம்மாவுக்கு அந்தச் சட்டை மற்றொன்றுக்கும் கவசமாயிற்று. வலப்பக்க மார்பில் தோன்றிய கட்டியை ஓராண்டுக்கும் மேலாக அதற்குள் மறைத்து வைத்திருந்தார். கட்டி வலிக்கவில்லை, வலிக்காத ஒன்றுக்காக ஒருநாள் கூலியை இழப்பானேன் என்று இருந்துவிட்டார். பின்னர் மேல்தோல் சிவந்து தடித்தது. சிறு சிறு முடிச்சுகள் எழும்பின. உப்புக் கடி என்று எண்ணி எண்ணெய் தடவினார். முடிச்சு உடைந்து புண்ணானபோதும் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டாருக்கு அதை அறிவித்தது புண்ணின் நாற்றம்தான்.

நாங்கள் அந்த வீட்டுக்குச் சென்றபோது கண்ட காட்சியை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வீட்டின் பின்புறத்துத் தாழ்வாரத்தில் அவருக்குத் தனிப் பாய் விரித்திருந்தார்கள். தனித் தட்டு. நீர் குடிக்கத் தனிக் குவளை. அதை அவரே கழுவி அவரே கவிழ்த்து வைக்க வேண்டும். பேரப் பிள்ளைகள் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று கட்டளை. மருமகள் கொடியவள் அல்லள். அழுதுகொண்டேதான் சோறு கொண்டுவந்து வைத்தாள். ஆனால் எட்டி நின்று வைத்தாள். தன் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற அச்சம் அவளுக்கு. அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை. அன்று சென்ற எங்களுள் இருவர் வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்தினோம். பெரியம்மா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தம் பாயைச் சுவரோரமாக இன்னும் சற்று நகர்த்திக்கொண்டார்.

தேநீர்க் கடையில் நமக்கென்று தனிக் குவளை வைத்திருந்த காலத்தை இங்கு அமர்ந்திருக்கும் மூத்தோர் நன்கறிவர். சிரட்டையில் தேநீர் வாங்கிக் குடித்தவர்களும் இவ்வவையில் உண்டு. அந்தக் குவளையை உடைப்பதற்காக அடிபட்டவர்களின் பிள்ளைகள் நாம். அதே குவளை நம் வீட்டுத் தாழ்வாரத்தில், நம்மைப் பெற்றவளுக்கு முன்னால் இருந்ததைக் கண்டபோது எங்களுக்குப் பேச்சு எழவில்லை. அந்தக் குவளையைப் பற்றியதே இன்றைய பேச்சு முழுவதும்.

மறைத்து வைத்தது பெரியம்மாவின் அறியாமை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன் பாரசீகப் பேரரசில் அதோசா என்று ஓர் அரசி இருந்தாள். சைரசு மன்னனின் மகள், தாரியசு மன்னனின் மனைவி. அவள் மார்பில் ஒரு கட்டி தோன்றியது. சிறிதாக இருந்தவரை நாணத்தால் யாரிடமும் சொல்லாமல் மறைத்தாள் என்றும், அது உடைந்து பரவிய பின்னரே தெமோசிதசு என்ற கிரேக்க மருத்துவரை அழைத்தாள் என்றும் எரோதோத்தசு என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். மருத்துவர் குணப்படுத்தினார் என்றும் சொல்கிறார். அது புற்றுதானா, வேறு கட்டியா என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். அந்த வாதம் நமக்கு வேண்டாம். பேரரசனின் மகளும் உப்பளத்துத் தொழிலாளியும் ஒரே காரணத்துக்காக ஒரே தவற்றைச் செய்தார்கள் என்பதே நமக்கு வேண்டியது. ஒரு வேறுபாடு உண்டு. அரசிக்கு நாணம் மட்டுமே தடை; பெரியம்மாவுக்கு நாணத்தோடு நாட்கூலியும் தடை.

இனி நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் மார்பகப் புற்றுக்குத்தான். 2022 ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கீட்டின்படி, அவ்வோராண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 இலட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98 ஆயிரம் பேர் இறந்தனர். தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலோர் பிழைக்கும் நோய் இது. நம் பெண்களுள் பலர் முற்றிய நிலையில் மருத்துவமனைக்குச் செல்வதனாலேயே இறப்பு இவ்வளவு மிகுகிறது.

மார்பகத்தில் தோன்றிய புற்று இரு வழிகளில் தோலுக்கு வரும். கட்டி உள்ளிருந்து வளர்ந்து நேரே தோலைத் துளைத்து வெளிவருவது ஒரு வழி. நோயணுக்கள் நிணநீர்க் குழாய்கள் வழியாகவோ குருதி வழியாகவோ சென்று தோலில் தங்குவது மற்றொரு வழி. இரண்டாம் வகை, அறுவை முடிந்து எல்லாம் நலமாயிற்று என்று எண்ணியிருக்கும்போது, சில ஆண்டுகள் கழித்தும் அறுவைத் தழும்பின் அருகே வரக்கூடும். வலியில்லாத சிறு முடிச்சாக இருக்கலாம். சிவந்த தடிப்பாக இருக்கலாம். தோல் சாத்துக்குடிப் பழத்தின் தோலைப் போலக் குழி குழியாகத் தோன்றலாம். சிலருக்கு மார்பு முழுவதும் கவசம் பூட்டியதுபோல் இறுகிவிடும். பார்ப்பவர்கள் சிரங்கு என்பார்கள், படர்தாமரை என்பார்கள், வெயிற்கொப்புளம் என்பார்கள். உற்றறிய ஒரே வழி, தோலில் சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி சோதனை. மார்பக அறுவை செய்துகொண்ட நம் சகோதரி எவராயினும் தழும்பின் அருகே புதிதாக ஒன்று தோன்றினால், களிம்பு வாங்கிப் பூசிக் காத்திராமல் தமக்கு மருத்துவம் செய்த மருத்துவரிடமே சென்று காட்ட வேண்டும்.

தோலுக்கு வந்துவிட்டது என்றால் நோய் உடலின் பிற இடங்களுக்கும் சென்றிருக்கக்கூடும். அதை முற்றிலும் வேரறுப்பது பெரும்பாலும் இயலாது. இதை நாங்கள் மழுப்பிச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் வேரறுக்க இயலாது என்பதற்கும் ஒன்றும் செய்ய இயலாது என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது. நம் மக்கள் முதற்சொல்லைக் கேட்டவுடனே இரண்டாவது முடிவுக்கு வந்து நோயாளியை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். அந்தத் தொலைவுக்குள் சிலர் மாதக் கணக்கிலும் சிலர் ஆண்டுக் கணக்கிலும் வாழ்கிறார்கள்.

இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1895 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்னும் மருத்துவரிடம் 33 அகவைப் பெண் ஒருவர் வந்தார். மார்பகப் புற்றுக்கு அறுவை முடிந்த பின், நோய் மார்புச் சுவரில் மீண்டும் பரவியிருந்தது. மீண்டும் அறுப்பதற்கு இடமில்லை. சினைப்பைகளை அகற்றிப் பார்த்தார் பீட்சன். மார்பின் மேலிருந்த கட்டிகள் மெல்ல மெல்லக் கரைந்தன. அதை 1896 இல் மருத்துவ இதழில் எழுதினார். அப்பெண் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். பெண்ணுடலில் சுரக்கும் நீர் சிலவகை மார்பகப் புற்றுக்கு உரமாகிறது என்னும் அறிவு அங்கே முளைவிட்டது. அந்தச் சுரப்பின் வினையைத் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை 1970களில் புழக்கத்துக்கு வந்தது. இன்று அது விலை மலிந்த மாத்திரை. எல்லாருக்கும் பொருந்தாது, பயாப்சியில் எடுத்த துணுக்கைச் சோதித்து, சுரப்புநீரை ஏற்கும் வகை என்று தெரிந்தால் கொடுப்பார்கள். வேறு வகையினருக்கு வேறு மருந்துகள் உண்டு. குருதிக் கசிவையும் வலியையும் குறைக்கக் கதிர்வீச்சு மருத்துவம் உண்டு.

நம் நாட்டில் இவற்றுக்கு வழிகோலியவர்களை நினையாமல் மேலே செல்வது முறையன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923 இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். நோய் இன்னதென்று காலத்தில் கண்டறியப்படாமற் போயிற்று. அந்தத் துயரத்தை அவர் முப்பது ஆண்டுகள் சுமந்தார். 1954 ஆம் ஆண்டு சூன் மாதம் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955 முதல் டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். டாக்டர் சாந்தா 2021 இல் மறையும்வரை அந்த மருத்துவமனை வளாகத்தையே வீடாகக் கொண்டிருந்தார். முத்துலட்சுமி அம்மையாரின் தாயார் தேவதாசி மரபினர் என்பதும், புதுக்கோட்டைக் கல்லூரியில் அம்மையார் சேர்ந்தபோது எதிர்ப்பு எழுந்தது என்பதும் மாணவியர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள். பிறப்பைக் காட்டித் தள்ளிவைக்கப் பார்த்த ஊரிலிருந்துதான் அவர் புறப்பட்டார்.

முன்னாளில் நம் ஊரார் இந்நோய்க்கு நெய்யூருக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் ஓடினார்கள். முத்துநகர் விரைவு வண்டியில் இரவெல்லாம் அமர்ந்தே சென்று திரும்பிய குடும்பங்களை நாங்கள் அறிவோம். இன்று பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவமனை இருக்கிறது. 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய நம் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலேயே கதிர்வீச்சுக் கருவி இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. சென்னைக்குச் செல்ல நேர்ந்தால், மருத்துவமனையில் சான்று பெற்று இரயிலில் கட்டணச் சலுகை பெறலாம். 2021 இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் உள்ள நோயாளியின் வீட்டுக்கே செவிலியர் வந்து வலித்தணிப்புப் பராமரிப்பு அளிக்க வழி உண்டு. இவை எல்லாம் தாமாக நம் வாசலைத் தேடி வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். படிவம் எழுதத் தெரிந்தவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். இரவுப் பள்ளியில் படித்த இளைஞர்களே, நீங்கள் கற்ற எழுத்துக்கு இதைவிட நல்ல வேலை உடனடியாக எங்களுக்குத் தோன்றவில்லை.

இனி நாற்றத்தைப் பற்றிப் பேசுவோம். இதைப் பேசாமல் விடுவதனால்தான் பெண்கள் தாழ்வாரத்துக்குப் போகிறார்கள்.

நம் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். 1961 இல் நடந்த முத்துக்குளிப்பே இக்கரையின் கடைசி முத்துக்குளிப்பு. முத்தெடுக்கும் முறையைப் பார்த்தவர்கள் இன்று ஒரு சிலரே இருப்பர். சிப்பிகளை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்ப்பது சிறு அளவில் நடக்கும். பெரும் அளவில் எடுப்பவர்கள் சிப்பிகளை வேலியடைத்த இடத்தில் குவித்து, நாட்கணக்கில் அழுக விடுவார்கள். ஈக்கள் மொய்த்து, புழுக்கள் சதையைத் தின்று தீர்க்கும். அந்த நாற்றம் காற்று வாக்கில் நெடுந்தொலைவு வீசும். பின்னர் அந்த அழுகலைத் தொட்டிகளில் நீர் விட்டு, கையால் அலசி அலசி அடியில் தங்கிய முத்தைப் பொறுக்குவார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவரும் ஓடவில்லை. ஓடியிருந்தால் முத்து இல்லை. அழுகிய சிப்பியைக் கைவிட்டு அலசிய கரை இது. பெற்ற தாயின் புண்ணருகே அமர நம்மால் முடியாது என்பதை நாங்கள் ஒப்பவில்லை.

அதற்கு மேல் ஒன்று. அந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. அது போக்கத்தக்கது. புற்றுக்கென்று தனி நாற்றம் கிடையாது. புண்ணில் குருதி ஓட்டமின்றி மடிந்த சதையில் சில கிருமிகள் குடியேறுகின்றன. காற்றுப் படாத இடத்தில் வாழும் அவ்வகைக் கிருமிகளே நாற்றத்தை உண்டாக்குகின்றன. வயிற்றுக்கடுப்புக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் என்னும் மலிவான மாத்திரையை நம்மில் பலர் விழுங்கியிருப்போம். அதே மாத்திரையை நன்றாகப் பொடித்துப் புண்ணின்மேல் தூவினால் அந்தக் கிருமிகள் மடிகின்றன. சில நாட்களில் நாற்றம் பெரிதும் அடங்கிவிடுகிறது. எத்தனை தூவுவது, எவ்வளவு நாள் என்பதை மருத்துவரோ செவிலியரோ சொல்ல வேண்டும். பெரியம்மாவின் வீட்டில் இதை முதன்முதல் செய்து காட்டியவர் ஒரு செவிலியர். ஒரு வாரத்துக்குள் வீட்டின் காற்று மாறிவிட்டது. சில உரூபாய் மாத்திரைக்குத் தெரிந்த வழி, எங்களுக்கு அத்தனை நாட்களாகத் தெரியாமல் இருந்தது.

புண்ணைக் கழுவ விலையுயர்ந்த மருந்து வேண்டா. கொதிக்க வைத்து ஆறிய உப்பு நீர் போதும். ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு. வீட்டுக் கணக்கில் அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. அந்த அளவில் கலந்த நீர் ஏறத்தாழ நம் குருதியின் உப்பளவை ஒத்திருக்கும், எரிச்சல் தராது. இந்தியாவில் உப்பு விளைவிப்பதில் குசராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி நம் தூத்துக்குடி மண்ணில் விளைவது. அந்த உப்பை வாரிச் சுமந்து முதுகு வளைந்தவள் தன் புண்ணைக் கழுவ ஒரு தேக்கரண்டி உப்புக்கு உரிமையுடையவள் அல்லளா?

ஒட்டிக்கொண்ட கட்டுத்துணியை இழுத்துப் பிய்க்கக் கூடாது. உப்பு நீரால் நனைத்து, ஊறவிட்டு, மெல்ல எடுக்க வேண்டும். மேலே வைக்கும் துணிக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. பழைய பருத்திச் சேலையைத் துவைத்து, நீரில் கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, துண்டுகளாகக் கிழித்துத் தூய்மையான டப்பாவில் மூடி வைத்துக்கொண்டால் அதுவே போதும். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பகலிலும் கொசுவலை கட்டலாம். குருதி கசிந்தால் பதறாமல், தூய துணியை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிற்காவிட்டால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நோயுள்ள பக்கத்துக் கை வீங்கினால் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். சாணம், சுண்ணாம்பு, பச்சிலைச் சாறு, சூடு போடுதல் ஆகியவை வேண்டவே வேண்டா. அன்பினால்தான் செய்கிறோம் என்பார்கள். அன்பு சுண்ணாம்பின் வேலையை மாற்றிவிடாது.

வலியைப் பற்றி ஒரு சொல். அபினியிலிருந்து எடுக்கும் மார்பின் மருந்தை வாய்வழியே உரிய அளவில் கொடுத்தால் புற்றுநோய் வலியைப் பெரும்பாலும் அடக்கலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1986 லேயே வழிகாட்டியது. மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்று அபினிச் செடி பயிரிடப்படுகிறது. அதை விளைவிக்கும் நாட்டிலேயே நம் ஏழைகள் வலியோடு இறந்தார்கள். 1985 இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகள் மார்பினை வாங்கி வைக்கவே அஞ்சின. 2014 இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின் நிலை ஓரளவு மாறியிருக்கிறது. போதுமான அளவு மாறவில்லை. மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவாளே என்று மகன்மார் எங்களிடம் கேட்பதுண்டு. வலிக்காக மருத்துவர் அளந்து தரும் மருந்து வேறு, போதைக்காகத் தேடுவது வேறு. இரவில் அம்மா அலறும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வதைவிட, பகலில் மருத்துவரிடம் மார்பின் உண்டா என்று கேட்பது நல்லது. கேட்டால்தான் தருவார்கள் என்ற நிலையும் பல இடங்களில் இருக்கிறது.

இப்போது அந்தக் குவளைக்குத் திரும்புவோம். புற்றுநோய் ஒட்டுவதில்லை. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் உண்டால் ஒட்டாது, ஒரே பாயில் படுத்தால் ஒட்டாது, புண்ணீர் கையில் பட்டாலும் ஒட்டாது. பேரப்பிள்ளை மடியில் அமரலாம். புண்ணைக் கழுவும் முன்னும் பின்னும் சோப்பிட்டுக் கைகழுவச் சொல்கிறோமே, ஏன் என்று கேட்பீர்கள். நம் கையிலுள்ள அழுக்கு அவள் புண்ணுக்குப் போகாமலும், புண்ணிலுள்ள சாதாரணக் கிருமிகள் வீட்டில் பரவாமலும் இருப்பதற்காக. எந்தப் புண்ணுக்கும் செய்வது அது. தீட்டுக்காகச் செய்வதன்று.

1897 இல் புனே நகரைப் பிளேக் நோய் தாக்கியது. பிளேக் உண்மையிலேயே ஒட்டும் நோய், கொல்லும் நோய். அன்னை சாவித்திரிபாய் பூலேவும் அவருடைய வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்தும் ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கு மருத்துவமனை நடத்தினர். மகர் குடியிருப்பில் ஒரு சிறுவன் பிளேக்கில் கிடப்பதைக் கேள்வியுற்று, அம்மையார் சென்று அவனைத் தம் முதுகில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். நோய் அவரைத் தொற்றியது. 1897 மார்ச் 10 ஆம் நாள் அவர் மறைந்தார். நம் நூலகத்தில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்க்கும்போது, முதல் பெண் ஆசிரியை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் இறந்த விதத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். தொட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே நம்மவர் பிள்ளையைத் தொட்டுத் தூக்கியவர் அவர். தொட்டால் ஒன்றும் ஆகாத நோய்க்கு நாம் தனிக் குவளை வைக்கிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 ஆம் நாள் மகாட் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அரசியல் சட்டத்தின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அந்தப் பிரிவை நம் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நேற்றைய பேச்சுப் போட்டியிலும் கேட்டோம், பெருமையாக இருந்தது. பிறர் நம்மீது சுமத்திய தீண்டாமைக்குச் சட்டம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது, போராட்டம் இருக்கிறது. நம் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடப்பவள் எந்தக் காவல் நிலையத்தில் முறையிடுவாள்?

ஆண்களுக்கும் ஒரு செய்தி உண்டு. இந்தப் புண்ணைக் கழுவுவது பெண்களின் வேலை என்று ஒதுங்குகிறீர்கள். துறைமுகத்தில் நூறு கிலோ மூட்டையைப் புரட்டிய கைகள், உப்பு நீரில் நனைத்த துணியைப் பிழிய அஞ்சுகின்றன. கணவன் மனைவிக்கும், மகன் தாய்க்கும் இதைச் செய்யலாம். செய்தவர்களைக் கண்டிருக்கிறோம். ஒருவர் எங்களிடம், "முப்பது வருசம் அவ எனக்குத் துவச்சுப் போட்டா, ரெண்டு வருசம் நான் அவளுக்குத் துவச்சேன்" என்றார். அதை அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை.

பெண்ணின் மனத்தைப் பற்றியும் ஒன்று. மார்பகத்தில் அறுவை, பின் தோலில் புண், தலைமுடி உதிர்வு. தான் பெண்ணாகவே இல்லை என்று பலர் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் பெரும்பாலும் அறிவுரை சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். ஊர்க்கதை பேசுங்கள். எந்த அளத்தில் கூலி கூடியிருக்கிறது, யார் மகளுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று பேசுங்கள். தலைவாரிவிடுங்கள். முடியில்லாவிட்டால் கால்பிடித்துவிடுங்கள்.

பெரியம்மாவுக்கு மருத்துவமனையில் பயாப்சி செய்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மார்பின் கதிர்வீச்சும் சில முறை வைத்தார்கள். புண் முழுவதும் ஆறவில்லை; ஆனால் சுருங்கியது, குருதி நின்றது. தாழ்வாரத்திலிருந்து நடுவீட்டுக்கு அவர் தாமாக வரவில்லை. பேத்தி, ஆறாம் வகுப்பில் படித்தவள், ஒருநாள் பள்ளி விட்டு வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டுபோய் நடுவீட்டில் தன் பாய்க்குப் பக்கத்தில் விரித்துவிட்டாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் அன்று இரவு தனிக் குவளையை எடுத்துச் செடிக்கு நீர் ஊற்ற வைத்துக்கொண்டாள். அதன் பிறகு பெரியம்மா இரண்டு பொங்கல் கண்டார். இரண்டாம் பொங்கலுக்குப் பானையில் அரிசியிட்டவர் அவர்தான். அந்தச் சித்திரையில் நடுவீட்டில், எல்லாரும் சுற்றியிருக்க, இறந்தார்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இப்போது நம் பகுதியில் இதே நிலையில் மூன்று சகோதரிகள் இருக்கிறார்கள். கட்டுத்துணி போதவில்லை. வீட்டிலுள்ள பழைய பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் துவைத்துக் கொண்டுவந்து கழக அலுவலகத்தில் கொடுங்கள். சாயம் போகும் சேலையும் நைலான் கலந்த சேலையும் உதவா. புண்ணைக் கழுவிக் கட்டக் கற்றுக்கொள்ள விரும்புவோர், ஆண்களாயினும் பெண்களாயினும், ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலக அறைக்கு வாருங்கள். செவிலியர் ஒருவர் வந்து கற்றுத் தர இசைந்திருக்கிறார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் இப்போதே தம் பெயரைத் தந்துவிட்டார்.